கிளிப்பக்கா

அந்தப் பெண் கத்தியிருக்க வேண்டும்.

முதுகு திறந்த பச்சை கவுனிலிருந்து கிளிப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்த கை, இடுப்புக்குச் சற்று மேலே, ஏழாவது கிளிப்பில் நின்றது. மற்ற ஆறும் துணியைத்தான் கடித்துக்கொண்டிருந்தன. இது துணியோடு சேர்த்து ஒரு விரல் அகலத்துக்குச் சதையையும் கடித்திருந்தது. திறந்ததும் இரண்டு வரிசைப் பல் தடம். முதலில் வெள்ளையாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக ஊதாவாக மாறியது. நாற்பது நிமிடம். நாற்பது நிமிடமாக அந்த இரும்பு அங்கே இருந்திருக்கிறது.

“ஐயோ, சாரிம்மா. தோலைப் பிடிச்சிருச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

மாடல் திரும்பவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து சாய்ந்தபடியே இருந்தது.

“கிளிப்பக்கா, முழங்கை தெரியுது,” என்றார் போட்டோகிராபர், விளக்குகளுக்கு அப்பாலிருந்து. “ஒண்ணு முழுசா உள்ள போங்க, இல்ல முழுசா வெளிய வாங்க. பாதியில நிக்காதீங்க.”

அவள் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டாள்.

அந்த ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் கிளிப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த போட்டோகிராபருக்கும்கூட. கம்பெனியிலிருந்து வரும் உடைகள் எல்லாம் ஒரே அளவில் வரும். மாடல்கள் அந்த அளவைவிட ஒல்லி. அதனால் படம் எடுப்பதற்கு முன் முதுகுப்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, கிளிப் மேல் கிளிப்பாகப் போட்டு, முன்பக்கம் அச்சில் வார்த்த மாதிரி நிற்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் படத்தில் தெரியக் கூடாது. ஆறு வருடமாக அவள் அந்த வெள்ளைக் காகிதத் திரைக்கு முன்னால், மாடலின் பின்னால், முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, ஹேர் ஸ்ப்ரேயும் இஸ்திரி ஆவியும் சூடான விளக்கின் தூசி வாசனையும் கலந்த காற்றை வாயால் மூச்சிழுத்து நின்றிருக்கிறாள். யாருடைய முதுகில் எங்கே மச்சம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். முகம் கேட்டால் தெரியாது. முகங்களைப் பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தின் அரசி நம்பர் மேடம். மாடல்களை எப்படி நிற்க வைப்பது என்று முடிவு செய்பவர். அவரிடம் ஒரு தடித்த ஆல்பம் இருந்தது. நாற்பது வருட விளம்பரங்களிலிருந்து கத்தரித்த பெண்கள், பிளாஸ்டிக் உறைக்குள், ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். மேடம் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார், எண்ணை மட்டும் சொல்வார். “ஏழு” என்றால் ஒரு முழங்கால் உள்ளே மடங்கும், தள்ளினால் விழுகிற மாதிரி. “பன்னிரண்டு” என்றால் விரல் நுனி கழுத்தில் படும், பட்டும் படாமலும். “பத்தொன்பது” என்றால் தன்னைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். “முப்பத்தொன்று” என்றால் கண் எதையும் பார்க்காது; எதிரே நிற்பவரின் தோளுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிடும்.

ஆண்களுக்கும் எண் உண்டு. மொத்தம் மூன்று. நிற்பது, நடப்பது, பையைத் தூக்குவது. ஆண் பையைப் பிடிப்பான். பெண் அதே பையைத் தொடுவாள். “பிடிச்சா விரல் தடியாத் தெரியும்,” என்பார் மேடம். “தொட்டா போதும்.”

இதெல்லாம் கிளிப்பக்காவுக்கு ஆறு வருடமாகக் காதில் விழுந்த சத்தம்தான். ஃபேன் ஓடுகிற மாதிரி. தங்கை மாட்டுகிற வரைக்கும்.

தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். செருப்புக் கடையில் வேலை. அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த போனைக் கொடுக்க ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மாடிப்படி அதிர அதிர ஏறி வந்து, கதவைத் தள்ளித் திறந்து, வரிசையாக நின்ற விளக்குகளைப் பார்த்து, “யாருக்கு ஆபரேஷன்?” என்றாள். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டுச் சிரித்தார். நம்பர் மேடம் சிரிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

“உன் தங்கச்சியா? பரவாயில்ல, நல்ல உயரம். அடுத்த கேட்லாக்குக்கு வரச் சொல்லு. பத்து நாள் இருக்கு, பழகிக்கட்டும்.”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சின்னவள் வாய் மூடவில்லை. “பாருக்கா, ஊரெல்லாம் என் மூஞ்சி. நீ என் முதுகுல நின்னுட்டு எட்டிப் பாக்கணும்.”

“உனக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு நிக்கத் தெரியுமாடி?”

“பந்தயம் கட்டு.”

“தோத்தா அழுவ. நீ ஊசி போடறதுக்கு முன்னாடியே அழற ஆளு.”

அது உண்மைதான். சின்னவளுக்கு நாற்காலியில் கால் இடித்தால்கூடத் தெருவுக்கே தெரியும். தரையில் படுத்து உருண்டு, “அக்கா, செத்தேன்” என்பாள். பல் முளைக்காத நாளிலிருந்து அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கிளிப்பக்காதான். அந்த அலறலில் எது நிஜ வலி, எது நடிப்பு என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆல்பத்தின் படங்களை மேடம் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். சின்னவள் அவற்றை அலமாரிக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு பழகினாள். முதல் இரண்டு நாள் ஒரே கூத்து. ஏழு நிற்கப் போய்க் கட்டிலில் விழுந்தாள். முப்பத்தொன்று செய்யும்போது, “இப்படிப் பாத்துட்டு ரோட்டைக் கடந்தா ஆம்புலன்ஸ்தான்” என்றாள். கிளிப்பக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

நாலாம் நாள் காலையில் கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று கேட்டார், “உங்க தங்கச்சி ஊர்ல இல்லையா?”

“இருக்காளே. ஏன்?”

“இல்ல, தலைக்கு மேல சத்தமே காணோம். இடி இறங்கற மாதிரி நடப்பாங்க. அதான் கேட்டேன்.”

அன்று மாலை கிளிப்பக்கா கவனித்தாள். சின்னவள் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஓட்டைத் தரை, பழைய கட்டடம், பூனை நடந்தாலும் முனகும் மரப்பலகை ஒன்று வாசற்படிக்கு அருகே உண்டு. அதன்மேல் சின்னவளின் பாதம் வந்தது, நின்றது, போனது. பலகை முனகவில்லை.

ஆறாம் நாள் டீ கொடுத்தாள். சின்னவள் டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து விரல் நுனிகளை அதன்மேல் வைத்தாள், அவ்வளவுதான். அக்கா கையை எடுத்ததும் டம்ளர் நேராகக் கீழே போனது. கொதிக்கும் டீ முழுவதும் அவள் வலது பாதத்தில். கிளிப்பக்கா தாவிப் போய்த் துணியால் துடைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பாதம் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழும்புவதைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

சின்னவள் அவளுடைய தோளுக்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது. சிரிப்பதற்கு முன்னால் திறக்குமே, அந்த அளவு.

“சுடலையாடி?”

சின்னவளின் பார்வை கீழே இறங்கவில்லை.

“விளையாடாதே. பந்தயத்துல நீதான் ஜெயிச்ச. போதும், கத்து.”

ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம். குழாய் சொட்டும் சத்தம். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பாதத்துக்கு மருந்து கொடுத்தார், கண்ணில் டார்ச் அடித்தார், முழங்காலைத் தட்டினார். “எல்லாம் நார்மல். பாக்கவும் நல்லா அழகா இருக்காங்க. உங்களுக்கு என்ன பிரச்சனை?” என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக. கடை வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்களே, அப்படி.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் கிளிப்பக்கா நம்பர் மேடத்திடம் போய் நின்றாள்.

“அவளை விட்டுடுங்க மேடம். உடம்பு சரியில்ல. தொட்டாத் தெரியல, சுட்டாத் தெரியல. பேச்சே இல்ல.”

மேடம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்,” என்றார். “அப்புறம் பழகிடும்.”

“அவளுக்கா?”

“கூட இருக்கறவங்களுக்கு.” ஆல்பத்தை அவள் பக்கம் திருப்பினார். “நாப்பது வருஷமாச் சேர்க்கறேன். இதுல யாராவது அழுது பாத்திருக்கியா? நல்லாத்தான் இருக்காங்க. உனக்கு ஆசை இருந்தா நாளைக்கு ஒரு தடவை அவளைக் கேளு. வேண்டாம்னு அவ வாயால சொல்லட்டும். அனுப்பிடறேன்.”

வாயால் சொல்லட்டும். அதைப் பிடித்துக்கொண்டாள் கிளிப்பக்கா. ஒரு வார்த்தை. வார்த்தைகூட வேண்டாம், ஒரு “ஆ” போதும். சின்னவள் ஒருமுறை கத்திவிட்டால் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள். ஸ்டுடியோவாவது, கேட்லாகாவது.

படப்பிடிப்பு அன்று காலை பத்தரை மணிக்கே விளக்குகள் சூடாகியிருந்தன. ஜன்னல்களில் கறுப்புத் துணி. வெளியே வெயில் இருந்தது என்பதற்கு அந்தத் துணியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் சாட்சி. வெள்ளைக் காகிதத்தின் நடுவே டேப்பில் ஒட்டிய கூட்டல் குறி, அதன்மேல் சின்னவள். கருஞ்சிவப்பு கவுன். முதுகு இடுப்புவரை திறப்பு. இடது தோள்பட்டைக்குக் கீழே, அவளுக்கு மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு. அக்கா அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய் நின்றாள்.

“சின்னவளே,” என்றாள் மெதுவாக. “நான்தான். வேண்டாம்னா சொல்லு.”

முதுகு அசையவில்லை.

“பன்னிரண்டு,” என்றார் மேடம் எதிர்ப்பக்கமிருந்து. கை கழுத்துக்கு உயர்ந்தது.

முதல் கிளிப்பைத் துணியில் போட்டாள். இரண்டாவதும் துணி. மூன்றாவதை எடுத்தாள். துணி ஓரத்தோடு சேர்த்து, கொஞ்சம் சதையையும் மடித்துப் பிடித்தாள். தெரிந்தேதான். கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டாள். டக்.

கத்து.

ஒன்றுமில்லை. ஷட்டர் சத்தம். இன்னொரு ஷட்டர் சத்தம்.

“கிளிப்பக்கா, என்ன பண்ணீங்க?” என்றார் போட்டோகிராபர். “இப்ப எவ்ளோ நல்லா விழுது தெரியுமா. இன்னும் கொஞ்சம் இழுங்க.”

நாலாவது, இன்னும் அதிகச் சதை. ஐந்தாவது, முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், தோல் மெலிதாக இருக்கும் இடத்தில். கத்துடி. ஆறாவது தழும்பின்மேல். ஊதாப் புள்ளிகள் எழும்பின. ஓர் இடத்தில் சிவப்பாக ஒரு மணி திரண்டு, கீழே வழிய யோசித்து, அங்கேயே நின்றது. ஒவ்வொரு கிளிப்புக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நல்லது கண்டவர்கள் விடும் பெருமூச்சு. பத்தாவதைப் போடும்போது அவளுக்கே விரல் நுனியில் துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஏசியின் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். பதினொன்று. பன்னிரண்டு. அழக்கூட வரவில்லை அவளுக்கு. வேலை செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

“சாப்பிட்டு வந்துடலாம்,” என்றார் மேடம். “நீ நகராதே. லைட் மாறிடும்.”

அது சின்னவளுக்கு. சின்னவள் நகரவில்லை. செருப்புச் சத்தம், பேச்சுச் சத்தம், கதவு. ஸ்டுடியோ காலியானது. விளக்குகளின் ரீங்காரம் மட்டும்.

கிளிப்பக்கா கிளிப்புகளைக் கழற்றப் போனவள், நின்றாள். மேசைமேல் படங்கள் ஓடும் திரை எரிந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்தில் அவள் அதன் பக்கம் போனதில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு வேலையில்லை. இன்று போனாள். கூட்டல் குறியிலிருந்தும் தெரியட்டும் என்று திரையைத் திருப்பிவைத்தாள். தன் முகத்தைப் பார்த்தாலாவது சின்னவள் விழித்துக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை.

இருநூற்றுப் பதினாலு படம். எல்லாம் ஒரே படம் மாதிரிதான். அதே சாய்ந்த கழுத்து. அதே காது ஓர முடி. எதையும் பார்க்காத அதே கண். முதுகில் அத்தனை நடந்தும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இப்படி ஓர் அழகா தன் தங்கைக்கு என்று அவளுக்கே ஒரு நொடி தோன்றியது. அம்புக்குறி விசையை அழுத்தி அடுத்த படத்துக்குப் போனாள். அடுத்தது. அடுத்தது. விசையை விடாமல் அழுத்தினாள். படங்கள் ஓடத் தொடங்கின.

உதடு அசைந்தது.

கையை எடுத்தாள். படம் நின்றது. அழகு.

மறுபடி அழுத்தினாள். முகம் அசையவில்லை. கண் அசையவில்லை. உதடு மட்டும். ஓர் அரிசி அளவு திறந்து, மூடி, குவிந்து, திறந்து. பல் முளைக்காத நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாய். சத்தம் தேவையில்லை.

அக்கா.

அக்கா, வலிக்குது.

அக்கா, எடு.

இருநூற்றுப் பதினாலு படமும் அதைத்தான் சொன்னது. ஒவ்வொரு கிளிப் விழுந்த இடத்திலும் உதடு இன்னொரு அரிசி அளவு விரிந்தது. அந்தப் படங்களில்தான் போட்டோகிராபர் நட்சத்திரம் போட்டிருந்தார். நல்ல படங்கள்.

பக்கத்துக் கோப்பைத் திறந்தாள். போன மாதம். பச்சை கவுன். அழுத்தினாள். ஓடியது. போதும், என்றது அந்த வாய். போதும். போதும். போதும். அதற்கு முந்தைய மாதம். அம்மா, என்றது. அதற்கும் முந்தையது.

விசையிலிருந்து கையை எடுத்தாள்.

சின்னவள் அங்கேயேதான் நின்றாள். அக்கா ஓடிப்போய் அவள் பின்னால் நின்றாள். பன்னிரண்டு கிளிப். முதலில் தழும்பின்மேல் இருப்பது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் வைத்தாள். அழுத்தினாள். திறக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். விரல்கள் அதன்மேல் இருந்தன. இருந்தன, அவ்வளவுதான். தொட்டுக்கொண்டு. பட்டும் படாமலும்.

“எடுக்கறேன்டி. இதோ எடுக்கறேன்.”

சொன்னாள். அவள் காதுக்கே கேட்கவில்லை.

இன்னொரு கையைக் கொண்டுவந்தாள். அது சின்னவளின் தோள்மேல் போய் உட்கார்ந்தது, ஐந்து நுனிகளாக. கிளிப்பைப் பார்க்கத் தலையைச் சாய்த்தாள். நிமிர்த்த முடியவில்லை. வழக்கம்போல மடக்கிய முழங்கால், மடங்கியபடி.

கதவு. சிரிப்புச் சத்தம். கை கழுவிய சோப்பு வாசனை.

சிரிப்பு நின்றது.

“யாரும் சத்தம் போடாதீங்க,” என்றார் போட்டோகிராபர் கிசுகிசுப்பாக. “அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேரும். கிளிப்பக்கா, இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?”

நம்பர் மேடம் கிட்டே வந்தார். முகத்துக்கு நேரே முகம். கண்ணில் நிஜமான அன்பு.

“இதுக்கு என்கிட்ட நம்பரே இல்லையே,” என்றார். பிறகு கிளிப்பக்காவின் பழைய சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். “தொளதொளன்னு இருக்கு. யாராவது பின்னாடி போங்க.”

யாரோ போனார்கள். முகம் தெரியவில்லை. குனிகிற மூச்சு மட்டும். கிளிப் டப்பா குலுங்கும் ஓசை. சட்டை முதுகில் இறுகியது. டக். துணி. டக். துணி.

டக்.

வலித்தது. கண் இருட்டும் அளவுக்கு வலித்தது. கிளிப்பக்கா கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, தெருவே கூடும்படி, தங்கையைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

எதிரே திரையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் தோளில் ஒருத்தியின் விரல்கள். எதையும் பார்க்காத நாலு கண்கள். அதில் பின்னால் இருப்பவளின் உதடு லேசாக, ஓர் அரிசி அளவு, திறந்தது.

“அழகு,” என்றார் போட்டோகிராபர். “இன்னும் கொஞ்சம் இழுங்க.”